இரண்டாம் மெய்ப்பு: நாள் குறித்து வெளியாகும் எழுத்து

எழுதி முடித்த நேரமும் அது வாசகரின் கைக்குச் சேரும் நேரமும் ஒன்றாக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் எழுத்துக்கு எக்காலத்திலும் இருந்ததில்லை. சித்திரை முதல் நாளில் தொடங்கும் ஆண்டுக்கான பஞ்சாங்கம் அந்நாளுக்கு நெடுமுன்பே கணிக்கப்பட்டு, அச்சாகி, கடைகளுக்கு வந்துவிடுகிறது; தீபாவளி மலருக்கான சிறுகதையை எழுத்தாளர் ஆடியிலோ ஆவணியிலோ எழுதி அனுப்பிவிடுகிறார். இணையத்தில் எழுதுவோர் இன்று தம் கட்டுரையை முன்கூட்டியே எழுதி வைத்து, பிறிதொரு நாளில், குறித்த மணியில், அது தானாகவே வெளியாகுமாறு ஏற்பாடு செய்துவிடுவதும் இந்த நீண்ட மரபின் தொடர்ச்சியே ஆகும். பேச்சு வழக்கில் ‘ஷெட்யூல் போடுவது’ என்று சொல்லப்படும் இந்த ஏற்பாட்டை நாள் குறித்த வெளியீடு எனலாம்.

ஆயினும் பழைய மரபுக்கும் புதிய வசதிக்கும் இடையே ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. அச்சு இதழில், எழுதப்பட்ட நாளுக்கும் வெளியாகும் நாளுக்கும் நடுவே உதவி ஆசிரியர், அச்சுக் கோப்பவர், மெய்ப்புத் திருத்துபவர், பக்கம் கட்டுபவர் எனப் பலரின் கண்கள் அந்த எழுத்தின் மீது மறுபடியும் மறுபடியும் பட்டன. மெய்ப்பு என்பது அச்சுக் கோத்த பின், பிழை பார்ப்பதற்காக எடுக்கப்படும் முதற்படி. ‘மெய்’ என்னும் சொல் அதற்குள்ளேயே அமைந்திருப்பது, அந்த வேலை எழுத்துப் பிழையோடு மட்டும் நின்றுவிடுவதன்று என்பதை நினைவூட்டுகிறது. இணையத்தில் நாள் குறித்து வைக்கப்பட்ட எழுத்துக்கும் வாசகருக்கும் நடுவே இருப்பது ஒரு கடிகாரம் மட்டுமே. எழுத்து எப்போது வெளியாக வேண்டும் என்பதைக் கடிகாரம் அறியும். அந்த நேரத்தில் அது இன்னும் உண்மையாக இருக்கிறதா, வெளியாகத் தக்கதாக இருக்கிறதா என்பதை அது அறியாது. எனவே நாள் குறித்து வைக்கும் ஒவ்வொருவரும் எழுத்துக்கு ஒன்றும் காலத்துக்கு ஒன்றுமாக இரண்டு மெய்ப்புகள் பார்க்கக் கடமைப்பட்டவராகிறார்.

கைவசம் இருக்கும் எழுத்து

வார இதழ்களின் அலுவலகங்களில் ‘கைவசம் மேட்டர் இருக்கிறதா’ என்ற கேள்வி அன்றாடம் கேட்கப்படுவது. வாரம் தவறாமல் வெளியாக வேண்டிய தொடருக்கு ஓரிரு அத்தியாயமேனும் முன்கூட்டியே கையில் இருந்தால்தான், எழுதுபவருக்குக் காய்ச்சல் கண்டாலும் வெளியூர்ப் பயணம் நேர்ந்தாலும் இதழ் நிற்காது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபர் 29 முதல் 1954 மே 16 வரை, மூன்றரை ஆண்டுகளுக்கும் மேலாக, வாரந்தோறும் வெளியானது. அதே ஆண்டு டிசம்பர் 5 அன்று அவர் மறைந்தபோது ‘அமரதாரா’ என்னும் நாவல் முடிவு பெறாமல் நின்றது. அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு அவருடைய மகள் ஆனந்தி அதனை நிறைவு செய்தார். எழுதுபவரின் உடல்நிலையும் வாசகரின் எதிர்பார்ப்பும் ஒரே கால அட்டவணையில் நடப்பவை அல்ல. அந்த இடைவெளியை நிரப்புவதே கைவசம் இருக்கும் எழுத்தின் பயன்.

நாள் குறித்து வைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. மௌலானா அபுல் கலாம் ஆசாத் தம் தன்வரலாற்று நூலான ‘இந்தியா வின்ஸ் ஃப்ரீடம்’ என்பதை உருதுவில் சொல்ல, ஹுமாயூன் கபீர் அதனை ஆங்கிலத்தில் எழுதினார். அதில் ஏறத்தாழ முப்பது பக்கங்களை முப்பது ஆண்டுகள் கழித்தே வெளியிட வேண்டும் என்று ஆசாத் விரும்பியதால், 1959இல் நூல் வெளிவந்தபோது அப்பக்கங்கள் அதில் சேர்க்கப்படவில்லை; முத்திரையிடப்பட்ட உறைகளில் கல்கத்தாவின் தேசிய நூலகத்திலும் புதுடில்லியின் தேசிய ஆவணக் காப்பகத்திலும் அவை வைக்கப்பட்டன. ஆசாத் மறைந்து முப்பது ஆண்டுகள் நிறைந்த 1988இல், வழக்கு மன்றத்தையும் கடந்து, அப்பக்கங்களுடன் முழு நூலும் வெளியானது. உடன் பணியாற்றியவர்களைப் பற்றிய கருத்தை அவர்கள் காலத்திலேயே சொல்லாமலும், என்றைக்கும் சொல்லாமல் விட்டுவிடாமலும், காலத்தின் கையில் ஒப்படைக்கும் வழியாக அங்கே நாள் குறித்தல் பயன்பட்டது.

கணினி நேரத்தை எண்ணும் விதம்

ஆசாத்தின் பக்கங்கள் இருந்த உறையின் இடத்தில் இன்று கணினியின் சேமிப்பு இருக்கிறது. உறையைத் திறக்கும் கையின் இடத்தில் ஒரு சிறு நிரல், அதாவது கணினிக்கான கட்டளைத் தொகுப்பு, இருக்கிறது. அது வேலை செய்யும் விதத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம். 2026ஆம் ஆண்டின் பொங்கல் திருநாளான ஜனவரி 15 அன்று காலை 6 மணிக்கு வெளியாகுமாறு ஒருவர் தம் கட்டுரையைக் குறித்து வைத்திருந்தார் என்று கொள்வோம். ‘பொங்கல்’ என்பதோ ‘காலை’ என்பதோ கணினிக்குப் பொருள் தரும் சொற்கள் அல்ல. யுனிக்ஸ் என்னும் இயங்குதளத்தின் வழிவந்த கணினிகள் 1970 ஜனவரி 1 நள்ளிரவை, உலகப் பொது நேரப்படி, சுழியமாகக் கொண்டு அதன்பின் கடந்த வினாடிகளை ஒரே தொடராக எண்ணி வருகின்றன. அந்தக் கணக்கில் மேற்சொன்ன பொங்கல் காலை 6 மணி என்பது 176 கோடியே 84 இலட்சத்து 37 ஆயிரமாவது வினாடி. கட்டுரையோடு இந்த எண்ணும், ‘இன்னும் வெளியாகவில்லை’ என்ற அடையாளமும் சேமிக்கப்படுகின்றன.

குறித்த வினாடி வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு காவலர் வேண்டும். பெல் ஆய்வகத்தில் உருவான யுனிக்ஸின் ஏழாம் பதிப்பில், 1979இல், அத்தகைய காவலராகக் ‘கிரான்’ என்னும் நிரல் இடம்பெற்றது. காலத்தைக் குறிக்கும் ‘குரோனோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. கிரான் பின்னணியில் ஓசையின்றி இயங்கி, நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, தனக்குத் தரப்பட்ட அட்டவணையைப் படித்து, அந்த நிமிடத்துக்குரிய வேலை ஏதேனும் இருந்தால் அதைத் தொடங்கி வைக்கிறது. அட்டவணையின் ஒவ்வொரு வரியும் நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்ற ஐந்து கட்டங்களுடன் தொடங்கும். ‘0 6 15 1 *’ என்று எழுதினால், ஜனவரி 15 காலை 6 மணி 0 நிமிடம், கிழமை எதுவாயினும் சரி என்று பொருள். இறுதியில் உள்ள உடுக்குறி ‘எதுவாயினும்’ என்பதைக் குறிக்கிறது.

இந்த ஐந்து கட்டங்களில் ஆண்டு இல்லை என்பது கவனிக்கத்தக்கது. மேற்கண்ட வரியை அப்படியே விட்டுவிட்டால் அது ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 15 அன்று அதே வேலையைச் செய்துகொண்டிருக்கும். மீண்டும் மீண்டும் நிகழும் வேலைகளுக்காகவே கிரான் அமைக்கப்பட்டது என்பதால், ஒரே ஒருமுறை நிகழ வேண்டிய வெளியீட்டுக்கு அதனை நேரடியாகப் பயன்படுத்துவதில்லை. மாறாக, ‘வெளியாகாமல் காத்திருப்பவற்றுள் குறித்த நேரம் வந்துவிட்டவையோ கடந்துவிட்டவையோ இருந்தால் அவற்றை வெளியிடு’ என்ற ஒரு பொதுவான சோதனையை நிமிடந்தோறும் நடத்தச் சொல்கிறார்கள். ‘சரியாக இந்த நிமிடத்துக்கு உரியவற்றை’ என்று கேட்காமல் ‘நேரம் கடந்துவிட்டவற்றையும்’ சேர்த்துக் கேட்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அன்று காலை 5.50 முதல் 6.20 வரை மின்தடையால் கணினி நின்றிருந்தால், சரியான நிமிடத்தை மட்டும் தேடும் நிரல் அந்தக் கட்டுரையை என்றைக்குமே வெளியிடாது. கடந்துவிட்டவற்றையும் தேடும் நிரல் கணினி எழுந்தவுடன், இருபது நிமிடம் தாமதமாகவேனும், அதனை வெளியிட்டுவிடும்.

வினாடிகளை எண்ணும் முறைக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எண்ணை 32 துண்மிகளில், அதாவது ஒன்றையோ சுழியத்தையோ கொள்ளும் 32 சிறு இடங்களில், சேமித்த பழைய கணினிகளில் 2038 ஜனவரி 19 அன்று, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடியில், இடம் தீர்ந்துவிடும். அடுத்த வினாடி 1901ஆம் ஆண்டாகப் புரிந்துகொள்ளப்படும். எண்ணுக்கு 64 துண்மிகளை ஒதுக்கும் புதிய அமைப்புகளில் இந்தச் சிக்கல் இல்லை.

வாசகர் வந்தால் விழிக்கும் காவலர்

இணையத்தளம் நடத்துவோர் பெரிதும் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளில் இந்தக் காவல் சற்றே வேறு வகையில் அமைந்துள்ளது. வாடகைக்கு இடம் பிடித்துச் சிறு தளம் நடத்துவோருக்குக் கணினியின் கிரான் அட்டவணையில் கைவைக்கும் உரிமை பெரும்பாலும் கிடைப்பதில்லை என்பதால், அந்த மென்பொருள் தன் அட்டவணையைத் தானே வைத்துக்கொள்கிறது. ஆனால் தானாக விழித்தெழும் திறன் அதற்கு இல்லை. யாரேனும் ஒருவர் அத்தளத்தின் பக்கம் ஒன்றைத் திறக்கும்போதுதான், நிலுவையில் ஏதேனும் உள்ளதா என்று அது பார்க்கிறது. வாசகர் ஓயாமல் வந்து செல்லும் தளத்தில் இதனால் எவ்விதக் குறையும் தெரிவதில்லை. விடியற்காலையில் ஒருவரும் எட்டிப் பாராத சிறு தளத்திலோ, 6 மணிக்குக் குறித்த கட்டுரை 7.40க்கு முதல் வாசகர் வந்து கதவைத் தட்டும்வரை உள்ளேயே கிடக்கும். சில வேளைகளில் ‘குறித்த நேரம் தவறியது’ என்ற அறிவிப்போடு கட்டுரை வெளியாகாமலேயே நின்றுவிடுவதும் உண்டு. இடம் வழங்கும் நிறுவனத்திடம் கேட்டு, உண்மையான கிரான் மூலம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தளத்தைத் தட்டி எழுப்பச் செய்வதே இதற்கு நிலையான மாற்று.

இன்னொரு தவறு இதைவிடப் பரவலானது. புதிதாக நிறுவப்படும் தளம் உலகப் பொது நேரத்தையே தன் நேரமாகக் கொண்டு தொடங்குவது உண்டு; அமைப்புப் பக்கத்தில் அதனைக் கொல்கத்தா நேரம் என்று மாற்றாமல் 6 மணி என்று குறித்தால், கட்டுரை சென்னையில் முற்பகல் 11.30க்குத்தான் வெளியாகும். தாமதம் சரியாக ஐந்தரை மணி நேரமாக இருக்குமானால், குறை கடிகாரத்தில் இல்லை, அமைப்பில் இருக்கிறது என்று உடனே அறிந்துகொள்ளலாம்.

யாருடைய ஆறு மணி?

ஆறு மணி என்பது இடத்துக்கு இடம் மாறும் என்பதை ரயில் காலத்து மக்களே உணர்ந்திருந்தார்கள். இந்தியாவின் ரயில்கள் ஒரு காலத்தில் சென்னை நேரத்தின்படி ஓடின. சென்னையின் வானாய்வகத்தில் கணிக்கப்பட்ட அந்த நேரம் இன்றைய இந்தியப் பொது நேரத்துக்கு ஏறத்தாழ 9 நிமிடம் பின்தங்கியது. 1906இல் இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்த பிறகும், கல்கத்தா 1948 வரையிலும் பம்பாய் 1955 வரையிலும் தத்தம் நேரத்தை விடாமல் வைத்திருந்தன. நேரம் என்பது வானத்தில் மட்டுமல்லாமல் அரசாணையிலும் இருக்கிறது என்பதற்கு இது சான்று.

அரசாணை மாறினால் குறித்து வைத்த நேரமும் தடுமாறும். இலங்கை 1996இல் தன் கடிகாரங்களை முன்தள்ளி, உலகப் பொது நேரத்துக்கு ஆறு மணி நேரம் முன்னதாக இருந்து வந்தது. 2006 ஏப்ரல் 15 அன்று, சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, மீண்டும் ஐந்தரை மணி நேரக் கணக்குக்குத் திரும்பியது. அந்த ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருந்த ஒருவர், 20ஆம் தேதி காலை 6 மணிக்கு என்று ஒன்றைக் குறித்து வைத்திருப்பின், கணினி அதனை அப்போதைய கணக்குப்படி உலகப் பொது நேரம் நள்ளிரவு 12 என்று மாற்றிச் சேமித்திருக்கும். ஆணை மாறிய பின் அதே கணம் உள்ளூர்க் கடிகாரத்தில் 5.30 ஆகிவிடும். எனவேதான் தொலைவான நாளுக்குக் குறிக்கும்போது வினாடி எண்ணை மட்டும் சேமிக்காமல், எந்த ஊரின் எத்தனை மணி என்பதையும் சேர்த்துச் சேமிப்பது நல்ல நிரலாளரின் வழக்கம்.

சிங்கப்பூரில் 1981 டிசம்பர் 31 இரவு 11.30 மணிக்கு அடுத்த கணமே 1982 ஜனவரி 1 பிறந்தது. நடுவிலிருந்த அரை மணி நேரம் அந்நாட்டில் வழங்கவே இல்லை. பசிபிக் தீவான சமோவா, பன்னாட்டுத் தேதிக்கோட்டின் மறுபுறத்துக்கு மாறுவதற்காக, 2011 டிசம்பர் 30 என்ற முழு நாளையே நாட்காட்டியிலிருந்து விட்டுவிட்டது. இலண்டனில் ஒவ்வோர் ஆண்டும் மார்ச்சு மாதத்தின் கடைசி ஞாயிறு அதிகாலை 1 மணி நேரடியாக 2 மணி ஆகிறது. அக்டோபரின் கடைசி ஞாயிறன்று 1 மணிக்கும் 2 மணிக்கும் இடைப்பட்ட நேரம் இருமுறை வருகிறது. இத்தகைய மாற்றங்கள் அனைத்தையும் ஊர் ஊராகத் தொகுத்து வைத்திருக்கும் நேர மண்டலத் தரவுத்தளம் ஒன்று உண்டு. ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பவர் 1980களில் தொடங்கி, தன்னார்வலர்களின் உழைப்பால் வளர்ந்த அந்தப் பட்டியலைத்தான் உலகின் பெரும்பாலான கணினிகளும் கைப்பேசிகளும் நம்பியிருக்கின்றன.

கடல் கடந்து பரவியிருக்கும் தமிழ் வாசகரை எண்ணி எழுதுவோருக்கு இது நேரடிப் பயனுள்ள செய்தி. சென்னையில் காலை 6 மணி என்பது சிங்கப்பூரில் 8.30; குளிர்காலத்தில் இலண்டனில் நள்ளிரவு 12.30, டொரொண்டோவில் முந்தைய நாள் மாலை 7.30. பொங்கல் வாழ்த்தைச் சென்னைக் காலைக்குக் குறித்தால் டொரொண்டோவின் வாசகருக்கு அது போகியன்று மாலையே கிடைத்துவிடும். ‘வெள்ளி நள்ளிரவு 12 மணி’ என்று குறிப்பதிலும் ஒரு பொறி உண்டு: சூரிய உதயத்திலிருந்து நாளைக் கணக்கிடும் மரபில் வந்தவர்கள் அதனை வெள்ளிக்கிழமை இரவு என்று எண்ண, கணினியோ அதனை வியாழன் முடிந்து வெள்ளி தொடங்கும் கணமாகக் கொள்ளும். இரவு 11.55 என்று குறித்துவிட்டால் இக்குழப்பம் எழாது.

நேரத்துக்கு முன் திறந்த உறைகள்

குறித்த நேரம்வரை காத்திருத்தல் இதழியலில் ஓர் ஒப்பந்தமாகவே வழங்குகிறது. ஒரு செய்தியை நிருபருக்கு முன்கூட்டியே தந்து, குறிப்பிட்ட நேரத்துக்கு முன் வெளியிடலாகாது என்று விதிப்பதை ‘எம்பார்கோ’ என்பார்கள். வெளியீட்டுத் தடை என்று இதனைத் தமிழில் சொல்லலாம். கடினமான ஆய்வுக் கட்டுரையை நிருபர் நிதானமாகப் படித்து, வல்லுநரிடம் கேட்டு, பிழையின்றி எழுதுவதற்கு அவகாசம் கிடைக்க வேண்டும் என்பதற்காகப் புகழ்பெற்ற அறிவியல் ஆய்விதழ்கள் இம்முறையைப் பின்பற்றுகின்றன.

இந்த ஒப்பந்தம் எப்போதும் எளிதாக நிற்பதில்லை. 1945 மே 7 அதிகாலையில் பிரான்சின் ரெய்ம்ஸ் நகரத்தில் ஜெர்மனி சரணடைவு ஆவணத்தில் கையெழுத்திட்டபோது, நிருபர்கள் நேரில் அழைக்கப்பட்டு, செய்தியை வெளியிடலாகாது என்று கட்டுப்படுத்தப்பட்டார்கள். பெர்லினில் சோவியத் தரப்பு இரண்டாவது சடங்கு ஒன்றை நடத்த வேண்டியிருந்ததே தடைக்குக் காரணம். ஜெர்மானிய வானொலியே சரணடைவை அறிவித்துவிட்டதை அறிந்த அசோசியேட்டட் பிரஸ் நிருபர் எட்வர்டு கென்னடி, இனித் தடைக்குப் பொருளில்லை என்று கருதி, இலண்டனுக்குத் தொலைபேசியில் செய்தியைச் சொன்னார். உலகம் போரின் முடிவை அவ்வாறு அறிந்தது. அவர் வேலையை இழந்தார். 2012இல், அவர் மறைந்து அரை நூற்றாண்டு நெருங்கிய வேளையில், அந்தச் செய்தி நிறுவனம் தான் செய்தது தவறு என்று வெளிப்படையாக வருந்தியது. தடைக்குரிய காரணம் மறைந்த பிறகும் தடை நிற்கலாமா என்ற அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடியவர் மனிதர் மட்டுமே.

முன்கூட்டியே எழுதப்படுபவற்றுள் மிக நுட்பமானது இரங்கற் குறிப்பு. முதிய தலைவர்கள், கலைஞர்கள் முதலியோரின் வாழ்க்கைக் குறிப்பைப் பெரிய நாளிதழ்கள் அவர்கள் வாழும் காலத்திலேயே எழுதி வைத்துவிடுகின்றன. அரை நூற்றாண்டு வாழ்வை ஒரு மணி நேரத்தில் எழுதினால் பிழை மலியும் என்பதே காரணம். நடிகை எலிசபெத் டெய்லருக்கான குறிப்பை நியூயார்க் டைம்ஸ் இதழுக்காக எழுதி வைத்த மெல் குசோ 2005இல் காலமானார். டெய்லர் மறைந்ததோ 2011இல். ஆறாண்டுகளுக்கு முன் மறைந்தவரின் பெயரோடுதான் அந்தக் குறிப்பு வெளியானது. அவ்வப்போது புதிய விவரங்கள் சேர்க்கப்பட்டு வந்ததால் பழைய எழுத்து அன்றைய நாளுக்கும் பொருந்தி நின்றது.

பொருந்தாமற் போனதும் உண்டு. 2020 நவம்பரில் பிரான்சின் பன்னாட்டு வானொலி நிறுவனம் தன் இணையத்தளத்தைப் புதிய மென்பொருளுக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது, காத்திருப்பில் இருந்த ஏறத்தாழ நூறு இரங்கற் குறிப்புகள் ஒரே நேரத்தில் வெளியாகிவிட்டன. அப்போது உயிரோடிருந்த இரண்டாம் எலிசபெத் அரசியும் காற்பந்து வீரர் பெலேயும் அவற்றுள் இடம்பெற்றிருந்தார்கள். நிறுவனம் உடனே மன்னிப்புக் கேட்டது. எழுத்துகளில் பிழையில்லை, வெளியே வந்த நாளில்தான் பிழை.

தேதியில் விழும் ஒரு பிழை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழில் 2017 ஜூன் 21 அன்று நேர்ந்தது நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் நிலநடுக்க அறிவிப்புகளைப் படித்துத் தானாகவே செய்தி எழுதும் நிரல் ஒன்று அங்கே இருந்தது. 1925 ஜூன் 29 அன்று சாண்டா பார்பராவைத் தாக்கிய 6.8 அளவு நிலநடுக்கம் பற்றிய பழைய பதிவில் இடவிவரத்தைத் திருத்த முனைந்தபோது, அது புதிய அறிவிப்பாக வெளியே சென்றுவிட்டது. ஆண்டும் 2025 என்று பதிவாகியிருந்தது. நிரல் அதனைப் படித்து, நடந்திராத நிலநடுக்கத்தைச் செய்தியாக்கிவிட்டது. இன்னும் எட்டாண்டு கழித்து வரவேண்டிய ஒரு தேதியில் நிலநடுக்கம் ‘நிகழ்ந்தது’ எப்படி என்று சிறு பிள்ளையும் கேட்கும். நிரலிடம் அக்கேள்வியைக் கேட்கச் சொல்லி யாரும் எழுதி வைத்திருக்கவில்லை.

எழுத்துக்குள் ஓடும் கடிகாரம்

நார்வேயின் ஆஸ்லோ நகரத்தில் ‘எதிர்கால நூலகம்’ என்னும் திட்டத்தை ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கலைஞர் கேட்டி பேட்டர்சன் 2014இல் தொடங்கினார். ஆண்டுக்கு ஓர் எழுத்தாளர் தம் படைப்பை அளிக்க, அவை எவராலும் படிக்கப்படாமல் காத்திருந்து, ஆஸ்லோவுக்கு அருகே அதற்கென நடப்பட்ட ஆயிரம் மரங்களிலிருந்து செய்யப்படும் தாளில் 2114இல் அச்சாகும். மார்கரெட் அட்வுட் முதற் படைப்பை அளித்தார். ஹான் காங் போன்றோரும் அளித்திருக்கிறார்கள். நூறாண்டு காத்திருந்தாலும் ஒரு கதை கெட்டுப்போவதில்லை, ஏனெனில் அது தனக்குரிய காலத்தைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. மூன்று நாள் காத்திருக்கும் கட்டுரைதான் எளிதில் கெடுகிறது, ஏனெனில் அது வெளியே ஓடும் காலத்தைப் பற்றிக்கொண்டு நிற்கிறது.

அந்தப் பற்று மொழியிலேயே தெரியும். ‘நேற்று’, ‘இன்று’, ‘நாளை’, ‘அண்மையில்’, ‘வருகிற ஞாயிறு’ ஆகிய சொற்களுக்கு எழுதும் நாளில் ஒரு பொருளும் வெளியாகும் நாளில் வேறொரு பொருளும் உண்டு. செவ்வாயன்று எழுதி வெள்ளிக்குக் குறித்து வைத்த கட்டுரையில் ‘நேற்றுத் தொடங்கிய புத்தகக் காட்சி’ என்று இருந்தால், வாசகர் அதனை வியாழன் என்றே கொள்வார். தேதியையே எழுதிவிடுவது அதற்கு மருந்து. வினைமுற்றிலும் காலம் ஒளிந்திருக்கிறது. ‘இவ்வூரில் வாழ்ந்து வருகிறார்’, ‘தலைவராக இருக்கிறார்’ என்னும் நிகழ்கால முடிவுகள், கட்டுரை காத்திருக்கும் நாட்களில் உண்மை மாறிவிட்டால் பொய்யாகிவிடும். ‘2025 முதல் தலைவர்’ என்று எழுதினால் அந்த இடர் குறையும்.

ஆண்டுதோறும் நிகழ்வது என்று நம்பி எழுதுவதில் இன்னும் பெரிய இடர் இருக்கிறது. காவிரிப் பாசனத்துக்காக மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். குறுவைச் சாகுபடியைப் பற்றி எழுதும் ஒருவர், ‘அணை இன்று திறக்கப்பட்டதை ஒட்டி உழவர்கள் நாற்றங்கால் பணியைத் தொடங்கினார்கள்’ என்று மே மாதத் தொடக்கத்திலேயே எழுதி, ஜூன் 12க்குக் குறித்து வைத்துவிடலாம். 2022இல் அணை மே 24 அன்றே திறக்கப்பட்டது. 2024இல் நீர் போதாமல் ஜூலை 28 அன்றுதான் திறக்கப்பட்டது. அவ்விரண்டு ஆண்டுகளிலும் அந்தக் கட்டுரை சொன்ன நேரத்தில் வெளியாகியிருக்கும். அதன் முதல் வரியே பொய்யாக இருந்திருக்கும். அதைப் படிக்கும் டெல்டா உழவருக்கு, எழுதியவர் ஆற்றைப் பார்க்காமல் நாட்காட்டியைப் பார்த்தே எழுதியிருக்கிறார் என்பது உடனே விளங்கிவிடும்.

உண்மை மாறாவிட்டாலும் தகுதி மாறிவிடக் கூடும். 2004 டிசம்பர் 26 காலை நாகப்பட்டினம் முதலிய கடலோர ஊர்களை ஆழிப்பேரலை தாக்கிய நாளுக்கு, விடுமுறைக் கடற்கரை உலாவைப் பற்றிய இனிய கட்டுரை ஒன்றை யாரேனும் குறித்து வைத்திருந்தால், அதன் ஒவ்வொரு சொல்லும் சரியாக இருந்தும் அது வெளியாகத் தகாததாகியிருக்கும். துயரம் நேரும் நாளில் காத்திருப்பில் உள்ள அனைத்தையும் நிறுத்தி வைப்பதைப் பொறுப்புள்ள செய்தி நிறுவனங்கள் ஒரு விதியாகவே வைத்திருக்கின்றன.

காலத்தின் மெய்ப்பு

இவ்வளவு இடர் இருப்பதால் நாள் குறித்து வைப்பதே கூடாது என்று முடிவு செய்வது தவறு. பகலெல்லாம் வேலை பார்த்து இரவில் எழுதுபவர், பிள்ளைகள் உறங்கிய பின் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் எழுதுபவர், தேர்வுக் காலத்தில் மாணவருக்காகத் தொடர் எழுதும் ஆசிரியர், தனியொருவராகச் சிற்றிதழ் நடத்துபவர் ஆகிய அனைவருக்கும் இந்த வசதி ஓர் உதவி ஆசிரியருக்கு நிகர். அது எழுதும் நேரத்தை வெளியிடும் நேரத்திலிருந்து விடுவிக்கிறது. அவசரத்தில் எழுதி உடனே வெளியிட்டுப் பின்பு வருந்துவதையும் அது தடுக்கிறது, ஏனெனில் இரண்டு நாள் காத்திருக்கும் எழுத்தை எழுதியவரே புதிய கண்ணோடு ஒருமுறை படிக்க வாய்ப்புக் கிடைக்கிறது. மின்னஞ்சலுக்கும் இது பொருந்தும். ஜிமெயில் 2019 ஏப்ரல் 1 அன்று, தன் பதினைந்தாம் ஆண்டு நிறைவில், அஞ்சலைக் குறித்த நேரத்தில் அனுப்பும் வசதியைச் சேர்த்தது. நள்ளிரவில் எழுதிய அலுவல் கடிதத்தை மறுநாள் காலைக்குக் குறித்து வைப்பவர் பெறுபவரின் உறக்கத்தை மதிக்கிறார்.

வேண்டியது ஒரு சிறு ஒழுங்கு. குறித்து வைத்த ஒவ்வொன்றையும், எப்போது வெளியாகும் என்ற விவரத்தோடு, ஒரே தாளிலோ பட்டியலிலோ எழுதி வைத்திருக்க வேண்டும். மறந்துபோன கட்டுரையே பெரும்பாலும் சங்கடத்தைத் தருகிறது. இதழ் பலரால் நடத்தப்படுமானால், எழுதியவர் மருத்துவமனையிலோ பயணத்திலோ இருக்கும்போது நிறுத்திவைக்கும் அதிகாரம் வேறொருவருக்கும் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியாகும் நாளுக்கு முந்தைய மாலையில் கட்டுரையைத் திறந்து, தேதியைக் குறிக்கும் சொற்களையும் நிகழ்காலத்தில் முடியும் வாக்கியங்களையும் பெயர்களையும் பதவிகளையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பத்து நிமிடம் போதும். அணை திறந்ததா, விழா நடந்ததா, பேசப்படுபவர் நலமாக இருக்கிறாரா, இன்று ஊரில் துக்கம் ஏதேனும் உண்டா என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்த பிறகு, கட்டுரையை அப்படியே விடலாம், ஒரு சொல்லை மாற்றலாம், அல்லது நாளைத் தள்ளி வைக்கலாம்.

அச்சுக் காலத்தில் பக்கம் கட்டி முடித்த பின்னும், பொறி ஓடத் தொடங்குவதற்கு முன், மை காயாத கடைசி மெய்ப்பை விளக்கொளியில் பிடித்துப் பார்க்க ஒருவர் இருந்தார். அவர் கையெழுத்திட்ட பிறகுதான் பொறி ஓடியது. நாள் குறித்த வெளியீட்டில் பொறி தானாகவே ஓடும், எவருடைய கையெழுத்துக்கும் அது காத்திராது. ஆகவே அந்தக் கையெழுத்தை முந்தைய நாள் மாலையிலேயே இட்டுவிட வேண்டிய பொறுப்பு எழுதியவரைச் சேர்ந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு அந்தக் கட்டுரையைத் திறக்கும் வாசகர், அது தமக்காக அன்றைய நாளில் எழுதப்பட்டது என்றே நம்பிப் படிக்கிறார்.